கணிதத்தோடு எதைச் சேர்ப்பது? பயன்பாட்டுக் கணித மாணவரின் இரண்டாவது மேஜர்

ஒரு சதுர அணியைக் கொடுத்து அதன் ஐகன் மதிப்புகளை, அதாவது அந்த அணி தன் சிறப்புத் திசைகளில் எத்தனை மடங்கு நீட்டுகிறது என்று சொல்லும் எண்களைக் கண்டுபிடிக்கச் சொன்னால், பயன்பாட்டுக் கணிதம் படிப்பவருக்கு அது இரண்டாம் ஆண்டு வீட்டுப்பாடம். அதே கணக்கைப் புள்ளியியல் துறையில் முதன்மைக் கூறுகள் என்பார்கள். நூறு மாறிகள் கொண்ட தரவை நான்கைந்தாகச் சுருக்க அது உதவும். இயற்பியல் துறையில் அதுவே ஓர் அணுவின் ஆற்றல் மட்டங்கள். கட்டுமானப் பொறியியலில், ஒரு பாலம் எந்த அதிர்வெண்ணில் ஆடும் என்ற கேள்வி. கணினித் துறையில், இணையப் பக்கங்களைத் தரவரிசைப்படுத்த 1998-இல் வந்த பேஜ்ரேங்க். உயிரியலில், 1945-இல் லெஸ்லி எழுதிய வயதுவாரி அணி: அதன் மிகப் பெரிய ஐகன் மதிப்பு ஒன்றைத் தாண்டினால் அந்த உயிரினம் பெருகும், ஒன்றுக்குக் கீழே போனால் மெல்ல மெல்ல அருகிவிடும்.

கணக்கு ஒன்றுதான், கேட்பவர்கள்தான் வேறு. "எங்கே வேண்டுமானாலும் போகலாம்" என்று பயன்பாட்டுக் கணித மாணவர்களிடம் எல்லோரும் சொல்வதற்கு இதுதான் காரணம். அவர்கள் இரண்டாம் ஆண்டு முடிவில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்வதற்கும் இதேதான் காரணம். எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்றால் எங்கே போவது? அந்தக் குழப்பத்துக்கு மருந்தாகத்தான் பலர் டபுள் மேஜரை, அதாவது ஒரே பட்டத்தில் இரண்டு முதன்மைப் பாடங்கள் படிப்பதைப் பார்க்கிறார்கள். கணிதத்தோடு கணினி, கணிதத்தோடு பொருளியல் என்று சான்றிதழில் இரண்டு பெயர் இருந்தால் கொஞ்சம் பயம் குறையும். பயம் குறைவது நல்லதுதான், ஆனால் ஒரு மேஜரைத் தேர்ந்தெடுக்க அது போதாது.

நான் கணிதமும் பொருளியலும் படித்தவன். அதில் வருத்தமும் உண்டு, லாபமும் உண்டு. இரண்டையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் விலையைப் பார்ப்போம்

ஒரு மேஜருக்குப் பொதுவாகப் பத்துப் பன்னிரண்டு பாடங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மேஜர்களுக்கும் பொதுவான பாடங்களைக் கழித்தால், கூடுதலாக எடுக்க வேண்டியது ஆறிலிருந்து ஒன்பது வரை வரும். இந்த எண்ணைப் பார்த்துவிட்டுப் பலரும் "செமஸ்டருக்கு ஒன்று அதிகம், சமாளித்துவிடலாம்" என்று கணக்குப் போடுகிறார்கள். நானும் அப்படித்தான் போட்டேன். அதில் ஒரு தவறு இருக்கிறது. கூடுதல் பாடங்கள் உங்கள் தூக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்வதில்லை, உங்கள் விருப்பப் பாடங்களின் இடத்தையும் எடுத்துக்கொள்கின்றன. பயன்பாட்டுக் கணிதத்தில் வேலைக்கு உதவும் பாடங்களில் பாதி விருப்பப் பாடங்களாகத்தான் இருக்கின்றன: எண்சார் பகுப்பாய்வு (கணினியில் தோராயமாகக் கணக்கிடும் முறைகளும் அவற்றின் பிழைகளும்), உகப்பாக்கம் (இருப்பதில் மிகச் சிறந்த விடையைத் தேடுவது), பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள், சமவாய்ப்புச் செயல்முறைகள்.

என் கதையைச் சொல்கிறேன். எங்கள் துறையில் எண்சார் பகுப்பாய்வு இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் நடக்கும். எனக்கு வாய்த்த அந்த ஒரே செமஸ்டரில், பொருளியலில் ஒரு கட்டாயப் பாடம் அதே நேரத்தில் வந்து விழுந்தது. பொருளியலை எடுத்தேன். முதல் வேலையில், விற்பனையை முன்கணிக்கும் ஒரு மாதிரியைக் கட்டச் சொன்னார்கள். பொருளின் விலை, தள்ளுபடி போக விலை, விளம்பரச் செலவு என்று எல்லாவற்றையும் உள்ளே போட்டேன். விடை வந்தது. முதல் விலையின் கெழு மூவாயிரத்துச் சொச்சம், இரண்டாவதன் கெழு கிட்டத்தட்ட அதே அளவு எதிர்க்குறியில். ஒரே ஒரு வாரத் தரவை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டினால் குறிகள் இடம் மாறிவிட்டன. இரண்டு நாள் நிரலில் பிழை தேடினேன். பக்கத்து இருக்கையில் இருந்த மூத்தவர் திரையை எட்டிப் பார்த்து, "கண்டிஷன் நம்பர் எவ்வளவு வருதுன்னு பாத்தீங்களா?" என்றார். தரவில் வரும் சின்ன மாற்றம் விடையை எவ்வளவு புரட்டிப்போடும் என்று சொல்லும் எண் அது. அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. இரண்டு விலைகளும் ஏறக்குறைய ஒன்றுதான். அணியின் இரண்டு நெடுவரிசைகள் ஒன்றின் மேல் ஒன்று படிந்து கிடந்தன. எண்சார் பகுப்பாய்வு படித்தவர் முதல் மாதத்திலேயே அறிந்துகொள்கிற விஷயம் அது.

அன்றிலிருந்து யார் கேட்டாலும் ஒரே அளவுகோலைத்தான் சொல்கிறேன். இரண்டாவது மேஜர் என்பது, நீங்கள் தனியாக உட்கார்ந்து கற்றுக்கொள்ள முடியாத ஒன்றைத் தர வேண்டும். புத்தகமும் கணினியும் இருந்தால் போதும் என்கிற விஷயத்துக்கு மேஜர் தேவையில்லை. ஆய்வகம், உரிமம், பிறரோடு சேர்ந்து வேலை செய்யும் பழக்கம், ஒரு துறையினர் யோசிக்கும் விதம் ஆகியவை புத்தகத்தில் கிடைக்காது. கீழே வருகிற ஒவ்வொன்றையும் இந்த அளவுகோலில்தான் வைத்துப் பார்க்கிறேன்.

கணினி அறிவியல்

பத்தில் ஏழு பேர் இதைத்தான் கேட்பார்கள், அதனால் கொஞ்சம் நின்றே பேசுவோம். இதற்கு ஆதரவான வாதம் எல்லோருக்கும் தெரியும்: வேலை. நிரல் எழுதத் தெரிந்த கணித மாணவருக்கும் தெரியாதவருக்கும் நேர்காணலில் இருக்கும் தூரம் பெரியது. ஆனால் நிரல் எழுதுவது வேறு, கணினி அறிவியல் மேஜர் வேறு. அந்த மேஜரில் இயங்குதளம், கணினிக் கட்டமைப்பு, கம்பைலர், வலையமைப்பு எல்லாம் வரும். நீங்கள் மென்பொருள் பொறியாளராகவே ஆகப்போகிறீர்கள் என்றால் இவை அனைத்தும் வேண்டும். இயந்திரக் கற்றல் பக்கம் போகத்தான் ஆசை என்றால் கொஞ்சம் யோசியுங்கள். நரம்பு வலைகளைப் பயிற்றுவிக்கும் பின்பரவல் முறையை 1986-இல் ருமெல்ஹார்ட், ஹிண்டன், வில்லியம்ஸ் மூவரும் எழுதிய கட்டுரை பிரபலமாக்கியது. அதன் அடியில் இருப்பது முதலாண்டு நுண்கணிதத்தில் வரும் சங்கிலி விதி. மேலே இருப்பவை நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு, உகப்பாக்கம். அதாவது உங்கள் சொந்தத் துறைப் பாடங்கள். அவற்றைக் கைவிட்டு, அவற்றைப் பயன்படுத்தும் துறையில் சேர்வது வேடிக்கையாக இல்லையா?

சரி, கணினித் துறை எதைத் தருகிறது? கணக்கு காகிதத்தில் சரியாக இருப்பதும் இயந்திரத்தில் சரியாக இருப்பதும் ஒன்றல்ல என்ற பாடத்தைத் தருகிறது. 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில் ஒரு பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு, வந்துகொண்டிருந்த ஸ்கட் ஏவுகணையைத் தவறவிட்டது. 28 பேர் இறந்தார்கள். காரணத்தைத் தோண்டிப் பார்த்தால் 0.1 என்ற எண் வந்து நின்றது. அமைப்பு நேரத்தைப் பத்தில் ஒரு விநாடியாக எண்ணியது. பத்தில் ஒன்றை இரும எண்ணில் எழுதினால் அது முடிவில்லாமல் போகும்; 24 பிட்டுகளில் வெட்டி வைத்திருந்தார்கள். ஒரு முறைக்குப் பிழை மிக மிகச் சிறியது. ஆனால் அமைப்பு நூறு மணி நேரமாக நிறுத்தாமல் ஓடிக்கொண்டிருந்தது. சேர்ந்த பிழை 0.34 விநாடி. அந்த நேரத்தில் ஸ்கட் அரைக் கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும்.

இந்தக் கதையில் கணிதமும் உண்டு, கணினியும் உண்டு. இரண்டும் தெரிந்தவர்தான் இதை முன்கூட்டியே பிடித்திருப்பார். இப்போது நிரலை இயந்திரமே எழுதித் தருகிற காலம். எழுதத் தெரிந்தவரைவிட, எழுதியது சரியா என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் இனி மதிப்பு என்று எனக்குத் தோன்றுகிறது; அந்த விதத்திலும் கணிதத்தில் ஆழம் போவது நஷ்டமில்லை.

என் தீர்ப்பு: மென்பொருள் துறைதான் இலக்கு என்று உறுதியாக இருப்பவர்களுக்கு மேஜர். மற்றவர்களுக்கு மைனர், அதாவது சில பாடங்களோடு முடியும் துணைப்பாடம் போதும். தரவுக் கட்டமைப்புகள், அல்காரிதம்கள், கணினிக் கட்டமைப்பு, தரவுத்தளம் ஆகிய நான்கோடு, நாலு பேர் சேர்ந்து ஒரே நிரலை எழுதும் ஒரு புராஜெக்ட் பாடம். கடைசியாகச் சொன்னதைத் தவறவிடாதீர்கள். நம் நிரலை இன்னொருவர் படித்து "இது என்னன்னே புரியலையே" என்று சொல்லும் அனுபவம் வீட்டில் தனியாகக் கிடைக்காது.

புள்ளியியல்

எது என்று முடிவே செய்ய முடியவில்லை என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். காரணம் எளிது: விலை குறைவு. நிகழ்தகவு, கணிதப் புள்ளியியல், நேரியல் இயற்கணிதம் மூன்றும் இரண்டு பக்கமும் எண்ணப்படும். கூடுதலாக நான்கைந்து பாடங்களில் முடிந்துவிடும்.

விலை குறைவு என்பதால் சரக்கும் குறைவு என்று நினைக்க வேண்டாம். கணித மாணவருக்கு ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. "X ஒரு சமவாய்ப்பு மாறி என்க" என்று தொடங்கியே பழகியவர்கள் நாம். அந்த X எங்கிருந்து வந்தது, யார் அளந்தார்கள், அளக்காமல் விட்டது எது என்று நமக்குக் கேட்கத் தோன்றாது. புள்ளியியல் துறையில் முதல் கேள்வியே அதுதான். ஒரு கணக்கெடுப்பில் நூறு பேரில் முப்பது பேர் வருமானத்தைச் சொல்லாமல் விட்டார்கள் என்றால், அந்த முப்பது பேரை நீக்கிவிட்டுச் சராசரி போடுவது கணிதமாகப் பிழையில்லை. ஆனால் வருமானத்தை மறைப்பவர்கள் பெரும்பாலும் அதிகம் சம்பாதிப்பவர்களாக இருந்தால், உங்கள் சராசரி பொய். இதைச் சோதனை வடிவமைப்பு, மாதிரிக் கணக்கெடுப்பு போன்ற பாடங்களில், உண்மையான அழுக்குத் தரவோடு மல்லுக்கட்டித்தான் கற்க வேண்டும்.

இன்னொரு பயமும் சிலருக்கு உண்டு: புள்ளியியல் பக்கம் போனால் கணிதம் நீர்த்துவிடுமோ என்று. எஸ். ஆர். எஸ். வரதன் இளநிலையில் படித்தது புள்ளியியல். 2007-இல் நிகழ்தகவுக் கோட்பாட்டில் செய்த வேலைக்காக ஏபெல் பரிசு வாங்கினார். சி. ஆர். ராவ் முதலில் கணிதத்தில் முதுகலை முடித்து, பிறகு புள்ளியியலில் இன்னொரு முதுகலை படித்தார். ஒரு மதிப்பீடு எவ்வளவு துல்லியமாக இருக்க முடியும் என்பதற்கு எல்லை சொல்லும், இன்று எல்லாப் பாடநூலிலும் இருக்கும் கிராமர்-ராவ் வரம்பு 1945-இல் வந்தபோது அவருக்கு வயது 25. பாலம் இரண்டு பக்கமும் திறந்துதான் இருக்கிறது.

தரவு அறிவியல் வேலைகள், மருந்து ஆராய்ச்சி, கணக்கெடுப்பு அமைப்புகள், காப்பீடு ஆகிய எல்லாமே இதன் வழியில் வரும். கணினி மைனரையும் இதோடு சேர்த்தால், என் கண்ணுக்கு அதுதான் குறைந்த விலையில் கிடைக்கும் வலுவான கூட்டணி.

பொருளியல், நிதி, காப்பீட்டுக் கணிதம்

இது என் வீடு. குறையும் நிறையும் தெரியும். பொருளியலில் கணிதம் தெரிந்தவருக்கு இருக்கும் மரியாதை ஆச்சரியமானது. பொருளியலில் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிப்பவர்களிடம் மெய்ப்பகுப்பாய்வு எடுத்திருக்கிறீர்களா, என்ன மதிப்பெண் என்றுதான் முதலில் பார்ப்பார்கள். நிலையான ஜோடிப் பொருத்தம் பற்றி 1962-இல் டேவிட் கேலும் லாயிட் ஷேப்லியும் சில பக்கங்களில் எழுதிய கட்டுரை, கணித இதழ் ஒன்றில் வெளியானது. பிற்பாடு ஆல்வின் ராத் அதே சிந்தனையை வைத்து, பயிற்சி மருத்துவர்களை மருத்துவமனைகளோடு பொருத்தும் முறையைச் சீர்செய்தார். 2012-இல் ஷேப்லிக்கும் ராத்துக்கும் பொருளியல் நோபல் கிடைத்தது. ஷேப்லி கடைசிவரை தன்னைக் கணிதக்காரராகத்தான் கருதினார்.

அப்படியானால் பொருளியல் மேஜர் தேவைதானா? ஆராய்ச்சிக்குப் போகிறவருக்கு ஆம். பாடங்களைவிட, ஒரு கேள்வியைப் பொருளியல்காரர்கள் எப்படிக் கேட்கிறார்கள் என்பதுதான் அங்கே கிடைப்பது. விலை உயர்ந்ததால் விற்பனை குறைந்ததா, விற்பனை குறையும் என்று தெரிந்து விலையை மாற்றினார்களா? காரணத்தையும் விளைவையும் பிரிப்பதில் அவர்களுக்கு இருக்கும் பிடிவாதம் எனக்கு இன்றுவரை சோறு போடுகிறது. ஆராய்ச்சி நோக்கம் இல்லாதவர்கள் நுண்பொருளியல், பொருளாதார அளவையியல், ஆட்டக் கோட்பாடு மூன்றையும் எடுத்தால் போதும். நான் எடுத்த மற்ற ஆறில் எதையும் அதற்குப்பின் தொட்டதாக நினைவில்லை.

நிதி பற்றிக் கேட்பவர்கள் பெரும்பாலும் "குவான்ட்" (நிதி நிறுவனங்களில் கணித மாதிரிகள் கட்டுபவர்) ஆக வேண்டும் என்பவர்கள். அவர்களுக்கு ஒரு செய்தி: அந்த வேலைக்கு நிதி மேஜர் அவ்வளவு உதவாது. ஆப்ஷன் என்ற நிதி ஒப்பந்தத்துக்கு விலை போட 1973-இல் வந்த பிளாக்-ஷோல்ஸ் சமன்பாட்டில் மாறிகளைக் கொஞ்சம் மாற்றி எழுதினால், ஒரு கம்பியில் வெப்பம் பரவுவதைச் சொல்லும் பழைய வெப்பச் சமன்பாடு வந்து நிற்கும். அதைத் தீர்க்கத் தெரிந்தவருக்கு, ஆப்ஷன் என்றால் என்ன என்பதை ஒரு வாரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். தலைகீழாகச் செய்வது கடினம். பணியமர்த்துபவர்களும் கணிதம், புள்ளியியல், கணினி, இயற்பியல் பக்கம்தான் பார்க்கிறார்கள். ஆனால் ஒன்று: அந்த மாதிரிக்காக 1997-இல் ஷோல்ஸும் மெர்ட்டனும் நோபல் வாங்கினார்கள், அவர்கள் பங்காளிகளாக இருந்த எல்டிசிஎம் என்ற முதலீட்டு நிதி 1998-இல் கவிழ்ந்தது. சமன்பாடு தப்பாகிவிடவில்லை. சந்தை அந்த அனுமானங்களுக்குள் அடங்கவில்லை. இந்த எச்சரிக்கை உணர்வைத் தருகிற பாடம் எந்தத் துறையில் இருந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆக்சுவரி, அதாவது காப்பீட்டு ஆபத்துகளைக் கணக்கிடுபவர், ஆக விரும்புகிறவர்களுக்கு இன்னும் எளிய பதில். அது மேஜரைப் பார்க்கும் தொழில் அல்ல, தேர்வைப் பார்க்கும் தொழில். அமெரிக்காவின் ஆக்சுவரிகள் சங்கத்தின் (SOA) முதல் இரண்டு தேர்வுகளில் ஒன்று நிகழ்தகவு, இன்னொன்று நிதிக் கணிதம். படிக்கும்போதே எழுதலாம். பொருளியல், கணக்கியலும் நிதியும், கணிதப் புள்ளியியல் ஆகியவற்றைக் கல்லூரிப் பாடங்களைக் காட்டியே நிறைவு செய்யலாம். வால்மீன் புகழ் எட்மண்ட் ஹாலி 1693-இல் பிரெஸ்லாவ் நகரின் பிறப்பு இறப்புக் கணக்கை வைத்து ஆயுள் அட்டவணை போட்டதிலிருந்து தொடரும் தொழில் இது. நிதானமான, நிலையான வேலை. இரண்டாவது மேஜருக்குச் செலவிடும் நேரத்தில் இரண்டு தேர்வுகளை முடித்துவிட்டால் நேர்காணலில் அதற்குத்தான் எடை அதிகம்.

இயற்பியலும் பொறியியலும்

பயன்பாட்டுக் கணிதத்தின் பிறந்த வீடு இயற்பியல்தான். நாம் படிக்கும் சமன்பாடுகளில் பாதிக்கு மேல் அங்கிருந்து வந்தவை. லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர், முதல் உலகப் போரில் ஆம்புலன்ஸ் ஓட்டிய காலத்தில், கையாலேயே வானிலையைக் கணக்கிட்டுப் பார்த்தார். 1910 மே 20 அன்றைய அளவீடுகளை எடுத்து, ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் எவ்வளவு மாறும் என்று போட்டார். அவருக்கு வந்த விடை 145 ஹெக்டோபாஸ்கல் ஏற்றம். புயலில்கூட அப்படி ஏறாது. உண்மையில் அன்று அழுத்தம் அசையவே இல்லை. கூட்டல் கழித்தலில் பெரிய பிழை இல்லை. தொடக்க அளவீடுகளில் இருந்த சின்னச் சின்னப் பொருத்தமின்மை, வேகமான அலைகளாகக் கிளம்பி விடையை விழுங்கிவிட்டது. தொடக்கத் தரவைச் சீராக்கிவிட்டு அதே கணக்கைப் போட்டால் நியாயமான விடை வருகிறது என்று பின்னாளில் காட்டினார்கள்.

145 என்ற எண்ணைப் பார்த்தவுடன் "இது நடக்காது" என்று சொல்ல வைக்கும் உணர்வைத்தான் இயற்பியல் தருகிறது. ஓர் அளவின் எடை கையில் தெரியும் அந்த உணர்வு, ஆய்வகத்தில் கருவியோடு பழகினால்தான் வரும். வானிலை, காலநிலை, விண்வெளி, குறைக்கடத்தி, மருத்துவப் படமெடுத்தல் போன்ற துறைகளில் கணிப்பு வேலைக்குப் போக நினைப்பவர்களுக்கு இயற்பியல் சரியான துணை. படிப்பு முடிந்தவுடன் வேலை என்று பார்த்தால், இந்தப் பட்டத்தைப் பார்த்து யாரும் ஓடி வரமாட்டார்கள். முதுகலையோ முனைவரோ தேவைப்படும். ஆனால் ஒரு விசித்திரம்: இயற்பியல்காரர்களை எல்லாத் துறையிலும் பார்க்கலாம். முழுதாகத் தெரியாத கணக்கைத் துணிந்து தோராயமாகப் போடும் பழக்கம் அவர்களிடம் இருக்கிறது. நம்மிடம் அது குறைவு.

பொறியியல் விஷயத்தில் நான் கறாராகச் சொல்வேன். வேலை உரிமம் வேண்டும் என்றால் மட்டும் எடுங்கள். பல நாடுகளில் பொறியாளர் உரிமத்துக்கு அங்கீகாரம் பெற்ற பொறியியல் பட்டம் தேவை. அதை வீட்டில் படித்து வாங்க முடியாது. ஆனால் பாடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சங்கிலி போலக் கட்டப்பட்டிருக்கும். ஒன்றைத் தவறவிட்டால் ஓராண்டு போய்விடும். கணிதமும் பொறியியலும் சேர்ந்தால் அநேகமாக ஐந்தாண்டுப் படிப்பு என்று நினைத்துக்கொள்ளுங்கள். சிக்னல் செயலாக்கமோ கட்டுப்பாட்டியலோ பிடித்திருக்கிறது, உரிமம் வேண்டாம் என்பவர்கள் அந்த இரண்டு பாடங்களை மட்டும் போய் எடுத்துவிட்டு வரலாம்.

உயிரியல்

போட்டி குறைவு, வேலை அதிகம் என்று நான் நினைக்கும் இடம். 1927-இல் தொற்றுநோய் பரவலுக்குக் கெர்மாக்கும் மெக்கெண்ட்ரிக்கும் எழுதிய மாதிரிதான் இன்றும் பாடநூல்களின் முதல் அத்தியாயம். ஒருவர் வேதியியலாளர், இன்னொருவர் மருத்துவர். கெர்மாக் ஆய்வக விபத்தில் பார்வை இழந்தவர். கணக்கை மனத்திலேயே போட்டார். 1952-இல் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாய் மீனின் தடித்த நரம்பிழையில் மின்னோட்டத்தை அளந்து, நரம்புச் சமிக்ஞைக்கு நான்கு வகைக்கெழுச் சமன்பாடுகள் எழுதினார்கள். அவற்றைக் கைப்பிடி சுற்றும் கணக்குப்பொறியில் ஹக்ஸ்லி நாள் கணக்கில் உட்கார்ந்து தீர்த்தார். சமன்பாடு எழுதியவரும் கணவாயை அறுத்தவரும் ஒரே குழு. வெளியிலிருந்து வந்த கணிதக்காரர் எழுதியிருந்தால் அழகான ஒரு மாதிரி கிடைத்திருக்கும், நரம்பு கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்.

அளவுகோலின்படி பார்த்தால் உயிரியல்தான் மேஜருக்கு மிகத் தகுதியானது. ஆய்வகம், களம், பெயர்களின் கடல் என்று தனியாகக் கற்க முடியாதவை நிறைய. ஆனால் பொதுவான பாடங்கள் ஏறக்குறைய இல்லை. வேதியியல் வரிசையும் கூடவே வரும். விலை மிக அதிகம். அதனால் முழு மேஜருக்கு முன் ஒரு கோடைக்காலம் ஏதாவது ஓர் ஆய்வகத்தில் தரவுப் பகுப்பாய்வு செய்துகொடுத்துப் பாருங்கள். குப்பிகளைக் கழுவச் சொன்னாலும் செய்யுங்கள். பிடித்தால் தொடருங்கள்.

மேஜராக இல்லாத ஒன்று

இளநிலையில் பெரும்பாலும் தனி மேஜராகக் கிடைக்காததால் பலர் கண்ணில் படாமல் போவது செயல்பாட்டு ஆய்வியல். 1945-இல் ஜார்ஜ் ஸ்டிக்லர், 77 உணவுப் பொருள்களை வைத்து, ஒன்பது சத்துத் தேவைகளையும் நிறைவு செய்யும் மிக மலிவான உணவு எது என்று தோராயமாகக் கணக்கிட்டார்: ஆண்டுக்கு 39.93 டாலர். 1947-இல் டான்ட்சிக்கின் சிம்ப்ளெக்ஸ் என்ற உகப்பாக்க முறையை அதே கணக்கில் போட்டுப் பார்த்தார்கள். ஒன்பது எழுத்தர்கள், மேசைக் கணக்குப்பொறிகள், மொத்தம் 120 ஆள்-நாள் உழைப்பு. விடை 39.69. ஸ்டிக்லரின் ஊகம் 24 சென்ட்தான் பிசகியிருந்தது! இன்று விமானங்களுக்கு ஆள் ஒதுக்குவதும், கிடங்குகளிலிருந்து சரக்கு அனுப்புவதும், மின்சாரத்தைப் பங்கிடுவதும் இந்த வழியில்தான் நடக்கின்றன. இதற்கு இரண்டாவது மேஜர் வேண்டாம். உகப்பாக்கம், சமவாய்ப்புச் செயல்முறைகள், கொஞ்சம் நிரலாக்கம். மூன்றும் உங்கள் துறைக்குள்ளேயே இருக்கின்றன.

அப்புறம், ஒரே மேஜரோடு நிற்பதும் ஒரு தேர்வுதான் என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறோம். கணிதத்திலேயே முனைவர் பட்டம் வரை போக நினைப்பவருக்கு இரண்டாவது மேஜர் பெரும்பாலும் தடை. அவர் எடுக்க வேண்டியவை மெய்ப்பகுப்பாய்வு, அளவைக் கோட்பாடு, இடவியல், கூடவே ஓர் ஆசிரியரோடு செய்யும் ஆய்வுத் திட்டம். அதேபோல, மதிப்பெண் தள்ளாடுகிறவர்களுக்கும் வேண்டாம். இரண்டு துறைகளில் சுமாரான மதிப்பெண்ணைவிட ஒரு துறையில் நல்ல மதிப்பெண்ணும், உங்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதக்கூடிய ஓர் ஆசிரியரும் கிடைப்பது மேல். டபுள் மேஜர் என்ற ஏற்பாடே இல்லாத இடத்தில் படிப்பவர்களும் கவலைப்பட வேண்டியதில்லை. இளநிலையில் கணிதம், முதுகலையில் புள்ளியியலோ கணினியோ பொருளியலோ என்ற வழி எப்போதும் திறந்திருக்கிறது. கணிதத்திலிருந்து அங்கே போவது சுலபம். அங்கிருந்து கணிதத்துக்கு வருவதுதான் சிரமம்.

இனி செய்ய வேண்டியது மேசை வேலை. இரண்டு துறைகளின் கடந்த இரண்டு ஆண்டு நேர அட்டவணைகளைக் கேட்டு வாங்குங்கள். இணையத்தில் இருக்கும் பாடப் பட்டியலை நம்ப வேண்டாம். பட்டியலில் இருக்கும், நடக்காது. ஒரு பெரிய தாளில் மீதமிருக்கும் செமஸ்டர்களைக் கட்டம் போட்டு, முதலில் விட்டுக்கொடுக்க முடியாத கணிதப் பாடங்களை நிரப்புங்கள்: எண்சார் பகுப்பாய்வு, உகப்பாக்கம், நிகழ்தகவு. அதற்குப் பிறகு இரண்டாவது மேஜரின் கட்டாயப் பாடங்களை அடுக்குங்கள். எங்கே மோதுகிறது என்று பார்த்து, அந்தத் துறையில் போய், வேறு பாடத்தை ஈடாக ஏற்பார்களா என்று நேரில் கேளுங்கள். மேஜரை மைனராக மாற்றிக்கொள்ள எந்தத் தேதிவரை அனுமதி உண்டு என்பதையும் அதே தாளின் மூலையில் எழுதி வையுங்கள். நான் அந்தத் தேதியைத் தெரிந்துகொண்டபோது அது கடந்து பதினோரு நாள் ஆகியிருந்தது.